ஒன்றும் தெரியாதவர்கள் முப்பது பேர்

ஜூன் 2, திங்கள்

பயிற்சி நிலையத்தில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். எனக்குத் தவறிப்போய் இரண்டு வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கத்தான் எழுந்தேன். பக்கத்தில் இருந்த ரங்கநாயகி என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள். ஒரு நோட்டில் தினமும் 'இன்று நான் கற்றுக்கொண்டது' என்று எழுதி மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இன்று அதில் எழுதியது: 'தையல் மிஷினில் ஊசி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.' இந்த இரண்டாவது நோட்டு உண்மையை எழுத.

உண்மை இதுதான். என் பெயர் துளசிமணி. பத்தொன்பது வருடமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணி ஓரத்தை மூட்டித் தைக்கிற ஓவர்லாக் டைலர். ஊசியை நான் தேட வேண்டியதில்லை, தூக்கத்தில்கூடக் கோத்துவிடுவேன். நாலு வாரம் முன்னால் எங்கள் கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வெளிநாட்டில் ஜனங்கள் துணி வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்களாம். எங்கேயோ எவனோ இருக்கிற டீ-ஷர்ட்டே போதும் என்று நினைத்ததற்கு எனக்கு வேலை போய்விட்டது.

தொழிலைத் தூக்கிவிட அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருக்கிறது. நாற்பத்தைந்து நாள் இலவசத் தையல் பயிற்சி, தினப்படி, மதியச் சாப்பாடு. முடித்ததும் ஒரு கம்பெனியில் வேலை. ஆறு மாதம் பாதிச் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கும். அதனால் இப்போது ஆள் எடுக்கிற ஒன்றிரண்டு கம்பெனிகளும் திட்டத்தில் வந்தவர்களைத்தான் எடுக்கின்றன. எல்லாம் சரி, ஒரே ஒரு நிபந்தனை: முன் அனுபவம் இருக்கக் கூடாது.

இந்த ஊரில் வேலையில்லாமல் இருக்கிற, ஆனால் தைக்கத் தெரியாத பெண் வேண்டுமென்றால் ரயிலேறிப் போய்த்தான் தேட வேண்டும். பெயர் எழுதிய ஒருங்கிணைப்பாளருக்கும் அது தெரியும். தலையைத் தூக்காமலே, "ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லீருங்க" என்றார். முப்பது பேரும் சொல்லிவிட்டோம்.

வீட்டுக்காரருக்கு நான் இங்கே வருவது தெரியாது. கம்பெனி மூடியதே தெரியாது. போன வருடம் இந்தக் கம்பெனிக்கு மாறும்போதே, "ஒரே பார்ட்டிய நம்பி ஓடற கம்பெனி, போவாத" என்றார். அவர் சொன்னது பலித்துவிட்டது என்று அவர் வாயாலேயே கேட்க என்னால் முடியாது. தினமும் எட்டேகாலுக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஜூன் 3, செவ்வாய்

காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்து, நூல் கோக்காத ஊசியால் அந்தக் கோட்டின் மேலேயே தைக்கச் சொன்னார்கள். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்ப்பதற்காம்.

கோணலாகத் தைப்பது இவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. எவ்வளவு முயன்றாலும் கை நேராகவே போகிறது. கண்ணை மூடிக்கொண்டு தைத்தேன், இன்னும் நேராக வந்தது. கடைசியில் வீட்டுக்காரர் பின்னால் நின்று குறை சொல்வதாக நினைத்துக்கொண்டேன். உடனே கை நடுங்கி, ஊசி கோட்டைவிட்டு எங்கோ போய்விட்டது. அவரால் எனக்கு ஒரு உபகாரம்.

ரங்கநாயகி கை, அடி மடிப்பெல்லாம் தைக்கிற பேட்லாக் மிஷினில் பதினைந்து வருட டைலர். காகிதத்தையே கிழித்துவிட்டாள். மிஸ் பாவப்பட்டு அவளுக்குத் தினமும் அரைமணி நேரம் தனி வகுப்பு வைத்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 5, வியாழன்

சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. அப்பளம் உண்டு. அரசாங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்காரரின் டிபன் பாக்ஸைக் கழுவும்போது அடியில் வேப்பஞ்சருகு இருந்தது. கட்டிங் ஹாலுக்குள் வேப்பமரம் ஏது? கேட்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். பெயர் சென்னியப்பன். கட்டிங் மாஸ்டர். இருபத்தைந்து வருடத்தில் ஏழு கம்பெனி பார்த்தவர். ஏழிலும் அவருக்கு 'ரிஜெக்ட் மாஸ்டர்' என்றுதான் பெயர். ஒரு பீஸில் ஒரு தையல் விட்டிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவார். முதலாளியே வந்து கேட்டாலும் ஆகாதது ஆகாததுதான். வீட்டிலும் அப்படியே. நான் தைத்த தலையணை உறையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைப்பார். இத்தனை வருடத்தில் 'நல்லாருக்குது' என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. எனக்கு அது வேண்டியதும் இல்லை.

இன்று சாப்பிடும்போது உலகப் பொருளாதாரம் முழுவதையும் எனக்கு விளக்கினார். எந்தெந்த நாட்டில் வட்டியைக் குறைத்திருக்கிறார்கள், மந்தம் வந்தால் அரசாங்கம் ஏன் செலவைக் கூட்ட வேண்டும், எல்லாம். சோற்றுக்கு நடுவில் குழி பறித்து ரசம் ஊற்றி, பணம் எப்படிச் சுற்றுகிறது என்று காட்டினார். ஐந்து பத்திரிகையின் தலையங்கமும் அவருக்கு மனப்பாடம். கம்பெனியில் இப்போது பத்திரிகை படிக்க நேரம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

புருவத்தில் பஞ்சும் இல்லை. கட்டிங் ஹாலிலிருந்து வருகிற ஆள் பஞ்சு படியாமல் வந்து நான் பார்த்ததே இல்லை. புதிதாக மின்விசிறி ஏதாவது போட்டிருப்பார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

மிஸ் பெயர் அபிராமி. இருபத்து மூன்று வயது, நல்ல பெண், கல்லூரியில் படித்தது. ஓவர்லாக் மிஷினைப் படத்தில்தான் நிறையப் பார்த்திருக்கிறது. இன்று நாலு நூலையும் கோத்துக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தது. ஒரு நூலை லூப்பர் கொக்கிக்கு வெளியே விட்டுவிட்டது. மிஷினை ஓட்டினால் நூல் அறுகிறது. மறுபடி கோக்கிறது, மறுபடி அறுகிறது. முக்கால் மணி நேரம்.

முப்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். அந்த வேதனையைச் சொல்லி முடியாது. என் விரலெல்லாம் அரித்தது. மிஸ் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கடைசியில் ரங்கநாயகிதான் எழுந்து, "ஏனுங் மிஸ், அந்த நூலு அந்தக் கொக்கிக்குள்ள போவோணுமோன்னு சும்மா ஒரு சந்தேகமுங்க" என்றாள். மிஸ் கோத்தது. ஓடியது. எல்லாரும் கை தட்டினோம்.

அரசு நோட்டில்: 'சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.'

ஜூன் 12, வியாழன்

இன்று நான் செய்தது மன்னிக்கக்கூடிய காரியம் அல்ல.

ஆய்வுக்குத் தனபால் சார் என்று ஒரு அதிகாரி வந்தார். உள்ளூர்த் தொழிலை ஆதரிக்க வேண்டும் என்று பனியன் துணி டீ-ஷர்ட் போட்டு வந்திருந்தார். ஒவ்வொருவர் நோட்டாகப் பார்த்துக்கொண்டு வந்து என் மேஜை மேல் குனிந்தார். அவருடைய சட்டைக் கை என் மூக்குக்கு நேரே வந்தது. கை மடிப்பில் இரண்டு அங்குலத்துக்குப் பிசிறு நூல் ஒன்று தொங்கியது.

நான் யோசிக்கவே இல்லை. பிசிறைப் பார்த்தால் எங்கள் கை தானாகப் போய்விடும். பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவர் முதுகில் தொங்கினாலும் பிடுங்கிவிடுவோம். டிரிம்மரை எடுத்தேன், வெட்டினேன். அதோடு விட்டேனா? மடிப்பைத் திருப்பிப் பார்த்து, "உள்மடிப்புல நாலு தையல் விட்டிருக்குதுங் சார். இது செகண்ட்ஸ் மாலு. நல்ல பீஸ்னு ஏமாத்திக் குடுத்துட்டாங்க" என்றேன்.

ஒரு மிஷின்கூட ஓடவில்லை. ரங்கநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி தன் சட்டைக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் நோட்டில் இருந்த 'ஊசி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்' என்பதையும் பார்த்தார். எத்தனை நாளாகத் தைக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். பத்து நாள் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. தொழில் தெரிந்த மாஸ்டர் ஒருவரை அனுப்புகிறேன், அவர் ஒவ்வொருவர் கையையும் சோதித்து 24-ஆம் தேதிக்குள் எழுதிக் கொடுக்கட்டும் என்றார். அனுபவம் உள்ளவர்களை மறைத்துச் சேர்த்திருந்தால் மொத்த வகுப்பையும் ரத்து செய்ய வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 13, வெள்ளி

யாரும் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ரங்கநாயகி தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரருக்கும் வேலையில்லை. இங்கே வருகிற தினப்படியில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஒருங்கிணைப்பாளரிடம் போய், நானே நின்றுவிடுகிறேன், மற்றவர்களை விட்டுவிடச் சொல்லுங்கள் என்றேன். நீங்களாக நின்றால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், பேசாமல் உட்காருங்கள் என்றார். பாத்ரூமில் போய் அழுதேன். ஒரு நூல். இரண்டு அங்குலம்.

ஜூன் 16, திங்கள்

மாஸ்டர் புதன்கிழமை வருகிறாராம். எந்தக் கம்பெனி ஆள், என்ன குணம், ஒன்றும் தெரியாது. டீ வாங்கிக் கொடுத்தால் இரக்கப்படுவாரா என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்காரர் ஆச்சரியமாக மல்லிகைப் பூவோடு வந்தார். கம்பெனியில் அவருக்கு ஏதோ ஸ்பெஷல் டூட்டி போட்டிருக்கிறார்களாம். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார். முகமே தெளிந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேலாகவே அந்த முகம் சரியில்லை.

ஜூன் 18, புதன்

வெள்ளைச் சட்டை.

படியேறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நிமிர்ந்தார். முதல் வரிசையில் நான்.

அவர் என் மடியில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார். நான் அவர் கையில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தேன். காலையில் இரண்டிலும் ஒரே கத்தரிக்காய்ப் பொரியலைத்தான் போட்டிருந்தேன்.

வருகைப் பதிவைப் படித்தார். 'துளசிமணி' என்று வந்தபோது ஒரு கணம் நின்றார். "இருக்கறனுங்க" என்றேன். "சரிங்க" என்றார். எனக்கு அவர் 'ங்க' போட்டது கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த அன்று ஒரு தடவை, இன்று ஒரு தடவை.

இரண்டு துண்டுத் துணி கொடுத்துத் தோள் மூட்டச் சொன்னார். ஒவ்வொருவர் பின்னாலும் நின்று பார்த்தார். துணியைப் பிடிக்கிற பிடியிலேயே அவருக்கு ஆள் தெரிந்துவிடும். நான் என்னால் முடிந்த அளவு கேவலமாகத் தைத்தேன். பின்னாலிருந்து 'ச்சு' என்று ஒரு சத்தம் வந்தது. தூக்கிப் போட அவர் கை நீண்டது, பாதியில் நின்றது, திரும்பிப் போனது.

இரவு சாப்பிட்டுக் கை கழுவினோம்.

"எத்தன நாளா?" என்றார்.

"ஆறு வாரமுங்க. நீங்க?"

"ஏழு."

இந்தச் சோதனை வேலை பழைய முதலாளி ஒருவர் சொல்லிக் கிடைத்ததாம். அதுவரை பகலெல்லாம் நூலகத்தில் இருந்திருக்கிறார். மதியம் அதன் வாசலில் இருக்கிற வேப்பமரத்தடியில் சாப்பாடு. எனக்கு இது தெரியாது என்று யார் சொன்னது? சருகைப் பார்த்த அன்றைக்கே தெரியும். இந்த நோட்டில்கூட எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான். எழுதினால் உண்மையாகிவிடும் போல இருந்தது. கோவையில் நர்சிங் படிக்கிற மகளுக்கு அடுத்த பருவத்துக்கு என்ன செய்வது என்று நினைக்க வேண்டிவரும்.

யார் முதலில் சிரித்தது என்று ஞாபகம் இல்லை. இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தோம். எட்டேகால் ஆனதும் அவரவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு சுறுசுறுப்பாகக் கிளம்பினோம் என்று ஒருவர்போல ஒருவர் நடந்து காட்டினோம்.

அப்புறம் ரிப்போர்ட் பேச்சை எடுத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆகாததை ஆச்சு என்று ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை, இதில் மட்டும் போட முடியுமா என்றார். முப்பது பேருமே கை தேர்ந்தவர்கள், ஒருத்திகூட மிச்சமில்லை, இதை எப்படித் தெரியாது என்று எழுதுவது என்றார். வேலையில்லாத முப்பது பேர் என்று எழுதினால் அது பொய்யா என்று கேட்டேன். அந்தக் கட்டம் படிவத்தில் இல்லை என்றார்.

ஜூன் 20, வெள்ளி

இன்னும் எழுதவில்லை. படிவத்தை எடுத்து வைக்கிறார், பேனாவைத் திறக்கிறார், மூடுகிறார்.

இன்று ஒரே வண்டியில் போனோம். பயிற்சி நிலையத்துக்கு ஒரு தெரு முன்னால் இறங்கிக்கொண்டேன். மாஸ்டர் யார் என்று ரங்கநாயகிக்கு மட்டும் சொன்னேன். நல்லது என்று சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "ஐயோ, ரிஜெக்ட் மாஸ்டரா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

நாளைக்கு ரிப்போர்ட். உனக்காகச் செய்தேன் என்று ஆகிவிடக் கூடாது என்கிறார். எனக்காகச் செய்ய வேண்டாம், ரங்கநாயகிக்காகச் செய்யுங்கள் என்றேன். அந்தம்மா வேண்டுமென்றே காகிதத்தைக் கிழித்தது உண்மையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவை மறுபடி திறந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்குத் தனபால் சார் வந்தார். இன்று சாதாரணச் சட்டை. வீட்டுக்காரர் எழுந்து நின்று படிவத்தைக் கொடுத்தார். அதிகாரி முப்பது பெயரையும் மேலிருந்து கீழே பார்த்தார். இருபத்தொன்பது பெயருக்கு நேரே 'முன் அனுபவம் இல்லை' என்று இருந்தது. என் பெயருக்கு நேரே மட்டும் வெறுமையாக இருந்தது. சட்டை நூல் வெட்டிய அம்மாதானே இது, ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

"அந்த இருபத்தொம்பது பேருக்கும் ஒண்ணும் தெரியாதுங் சார். எங் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார் வீட்டுக்காரர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். "இவளுக்குத் தெரியாதுன்னு மட்டும் எழுத எனக்குக் கை வரலீங்க. இருவத்தஞ்சு வருசமா பீஸ் பாக்கறனுங்க. இந்த ஊர்ல இவள மாதிரி ஓவர்லாக் ஓட்டற இன்னொரு கைய நாம் பாத்ததில்லீங்க. இவ தச்சதுல ஒரு கொறை கண்டுபுடிக்கோணும்னு நானும் வருசக்கணக்கா வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறேன். இன்னும் ஆம்படலீங்க."

இந்த அம்மாவை உங்களுக்கு முன்பே தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

"எம் பொண்டாட்டிங்க."

எனக்குக் காது அடைத்துவிட்டது. கோபத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தனபால் சார் எங்கள் முப்பது பேர் முகத்தையும் பார்த்தார். சொந்தப் பெண்டாட்டி பெயரையே எடுத்துக் கொடுத்த ஆள் மற்றவர்களுக்காகவா பொய் எழுதப்போகிறார் என்று நினைத்தாரோ, அல்லது எல்லாம் தெரிந்தே விட்டாரோ, அது அவருக்குத்தான் வெளிச்சம். ஒரு பெயர் நீக்கம், மற்ற இருபத்தொன்பது பேரும் தொடரலாம் என்று எழுதி, நீக்கத்துக்கான காரணத்தை மட்டும் வீட்டுக்காரரையே நிரப்பச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார். போகும்போது என் பக்கம் நின்று, அந்தச் சட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றார்.

ரங்கநாயகி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அபிராமி மிஸ் அழுதுகொண்டே சிவப்பு மையில் என் பெயரை அடித்தது. நான் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். சாப்பிட்டேன். தக்காளி சாதம்.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு வீடுவரைக்கும் திட்டினேன். இருபத்தொன்பது பொய் சொன்ன வாய்க்கு முப்பதாவது சொல்ல என்ன கேடு என்று கேட்டேன். நாற்பத்தைந்தாவது நாள் கிடைத்திருக்கும் வேலை, ஆறு மாதச் சம்பளம், மகளின் படிப்பு, ஒன்றுவிடாமல் சொன்னேன். சிக்னலில் நின்றபோது அவர், "ஒருத்தியாச்சும் போனாத்தான் அந்தாளு நம்புவாரு. எவளப் போவச் சொல்றது?" என்றார்.

திட்டியது நிஜம். ஆனால் அவர் சொன்ன அந்த நாலு வரியை அவர் மறுபடி ஒருமுறை சொல்ல மாட்டாரா என்று வழியெல்லாம் காத்துக்கொண்டிருந்தேன். அதுவும் நிஜம்.

ஜூன் 25, புதன்

இருவருக்கும் வேலையில்லை, இருவருக்கும் அது தெரியும். ஏழரை மணிவரை தூங்கினோம். அவரை நூலகத்துக்குப் போகச் சொன்னேன். அங்கே ஐந்து பத்திரிகையிலும் ஒரே செய்திதான் வருகிறது என்றார். பத்து மணிக்கு மேல் அவிநாசி ரோட்டுப் பக்கம் போய் இரண்டு பேருமாகக் கம்பெனி கம்பெனியாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு.

நேற்றுக் கிளம்பும் முன் மிஸ்ஸிடம் அந்தப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லி வாங்கி வந்திருந்தேன். எதற்கு அது என்று வீட்டுக்காரர் கேட்டார். வேலை கேட்கிற இடத்தில் காட்டத்தான் என்றேன்.

காட்டப்போவதில்லை. இத்தனை வருடத்தில் எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்ததில்லை. இதில் கடைசி வரிசையில் என் பெயர், அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'நீக்கப்பட்டதற்கான காரணம்' என்ற கட்டத்தில் வீட்டுக்காரருடைய கோழிக்கிறுக்கல் கையெழுத்தில் 'தொழிலில் முழுத் தேர்ச்சி உடையவர்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே அரசாங்க முத்திரை.

அவர் குளிக்கிறார். தண்ணீர் சத்தம் நிற்பதற்குள் இன்னொரு தடவை படித்துக்கொள்கிறேன்.